பொண்ணுங்களுக்கு ஃபுட்பால் ஸ்டட்ஸ் வாங்க பாண்டில ஒரு கடை, கொஞ்சம் நீளமான ரிவ்யூ

முதல்ல விஷயத்த சொல்லிடறேன், நேரம் இல்லாதவங்க இத மட்டும் படிச்சுட்டு கிளம்பலாம். பொண்ணுங்களுக்கு மூணு, நாலு, அஞ்சு சைஸ்ல ஃபுட்பால் ஸ்டட்ஸ் (அடியில குமிழ் வச்ச ஃபுட்பால் ஷூ) வேணும், கால்ல போட்டுப் பாத்து வாங்கணும்னா கடலூர்லேந்து பஸ் ஏறி இந்தக் கடைக்கு தாராளமா வரலாம். அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன். அந்த ஒரு ஸ்டார் ஜெர்சில போச்சு, அத அப்புறம் சொல்றேன்.

நான் கடலூர் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல பி.இ.டி. பொண்ணுங்க ஃபுட்பால் டீம் இருக்கு, குறுவட்டம் தாண்டி மாவட்டம் வரைக்கும் போற டீம்தான், ஆனா இத்தன நாளா எல்லாமே பசங்க ஸ்டட்ஸ்ல ஆடுதுங்க. அண்ணன் போட்டு தேஞ்சது, சீனியர் விட்டுட்டுப் போனது, இல்லன்னா கடையில இருக்கறதுலயே சின்னதா பாத்து வாங்கினது. முன்னாடி விரல் கிட்ட சரியா இருக்கும், பின்னாடி குதிகால் லொட லொடன்னு ஆடும், ஓடி வந்து சடார்னு திரும்பறப்ப கால் ஒரு பக்கம் போகும் ஷூ ஒரு பக்கம் போகும். அதுக்கு இதுங்க பண்ற வைத்தியம் ரெண்டு ஸ்டாக்கிங்ஸ் போடறது, உள்ள துணி வச்சு அடைக்கறது. வெயில்ல ஒரு ஹாஃப் முடிஞ்சு கழட்டினா குதிகால்ல தோல் உரிஞ்சு நிக்கும்.

சரி புதுசா வாங்கிக் குடுக்கலாம்னு ஸ்பான்சர் ஒருத்தர புடிச்சு காசோட கடை கடையா போனா எல்லா எடத்துலயும் ஒரே பதில். "லேடீஸ் ஸ்டட்ஸா? அது மூவிங் இல்லம்மா, நாங்க எடுக்கறதில்ல." ஒரு கடையில (பேர் வேணாம்) பிங்க் கலர் ரன்னிங் ஷூவ எடுத்து முன்னாடி வச்சுட்டு இதுலயே ஆடலாமேம்மா, பொண்ணுங்கதானேன்னு கேட்டார். நான் ஒண்ணும் சொல்லல, சொல்லி என்ன ஆகப்போகுது.

இதுல கடுப்பு என்னன்னா அவர் இத சொல்றது எந்த ஊர்ல? இந்துமதி கதிரேசன் பொறந்த ஊர்ல. இந்தியா டீம்ல நடு மைதானத்துல ஆடின பொண்ணு, தமிழ்நாடு போலீஸ்ல எஸ்.ஐ. இந்தியா டீம்ல ஆடின சந்தியா ரங்கநாதனும் நம்ம மாவட்டம்தான். 2017-18 சீசன்ல இந்தியன் உமன்ஸ் லீக்னு தேசிய லீக் நடந்தப்ப அதுல நம்ம கடலூர் இந்திரா காந்தி அகாடமி டீம் ஒண்ணாவே இறங்கி ஆடிச்சு, பெரிய பெரிய ஊருக்கெல்லாம் டீம் இல்லாதப்ப கடலூருக்கு இருந்துச்சு. 2018ல கட்டாக்ல நேஷனல் ஃபைனல், எதிர்ல மணிப்பூர், வருஷா வருஷம் கப்பு தூக்கற ஸ்டேட்டு, அவங்கள 2-1னு தமிழ்நாடு பொண்ணுங்க அடிச்சாங்க. 2023ல அமிர்தசரஸ்ல ஹரியானாவ அடிச்சு மறுபடியும் கப்பு. மதுரை சேது எஃப்.சி. 2019ல உமன்ஸ் லீக்கே ஜெயிச்சாச்சு. இவ்ளோ நடந்தும் நம்ம பக்கத்துல ஒரு நாலாம் நம்பர் ஸ்டட்ஸ் வாங்க முடியல, கேட்டா மூவிங் இல்லையாம்.

இந்த நெலமையில ஒரு பாண்டி பி.இ.டி. அக்கா சொல்லித்தான் இங்க வந்தேன். நேரு வீதிக் கூட்டத்த தாண்டி உள்ள திரும்பற தெரு, சின்னக் கடை, வெளிய வலையில பந்து தொங்கும், கேரம் போர்டு அடுக்கி வச்சிருப்பாங்க, பாத்தா உள்ள ஒண்ணும் இருக்காதுன்னுதான் தோணும். முன்னாடி கல்லாவுல அண்ணன், உள்ள ஷூ பக்கம் அவர் வீட்டு அக்கா. இந்த அக்காதான் கடை, அண்ணன் பில்லு போடறதோட சரி.

புள்ளைங்க எல்லாரையும் கூட்டிட்டு வர முடியாதில்ல, அதனால ஸ்கூல்லயே நியூஸ் பேப்பர் விரிச்சு ஒவ்வொருத்தியா நிக்க வச்சு பென்சிலால கால சுத்தி வரைஞ்சு பேர் எழுதி எடுத்துட்டுப் போனேன். இத எந்தக் கடையில நீட்டினாலும் ஒரு மாதிரி பாப்பாங்க. இந்த அக்கா அத வாங்கி டேபிள் மேல விரிச்சு ஸ்கேல வச்சு முதல்ல நீளம் அளந்தாங்க, அப்புறம் விரல் பக்கம் அகலம், அப்புறம் குதிகால் பக்கம் அகலம், மூணையும் அந்தப் பேப்பர்லயே ஓரத்துல எழுதினாங்க. எழுதிட்டு "டீச்சர், இந்தப் பொண்ணு ஸ்டாக்கிங்ஸ் போட்டுட்டு நின்னாளா வெறுங்காலா?"ன்னு கேட்டாங்க. வெறுங்கால்தான்க்கான்னேன். "சாயங்காலமா காலைலயா?" காலைலக்கா. "அப்ப கொஞ்சம் விட்டுத்தான் எடுக்கணும், ஆடி முடிச்சா கால் உப்பும்"னாங்க. இவ்ளோ கேள்வி என் கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவெடுத்த டெய்லர் கூட கேக்கல.

ஒரு பொண்ணோட பேப்பர்ல இடது கால் வலது கால விட நல்லாவே பெருசா இருந்துச்சு, அத புடிச்சதும் அந்த அக்காதான், பெரிய காலுக்கு எடுத்துட்டு சின்ன காலுக்கு உள்ள சோல் ஒண்ணு சேத்துக் குடுத்தாங்க, அதுக்கு தனியா காசு வாங்கல.

விஷயம் என்னன்னா பொண்ணுங்க கால் பசங்க காலோட சின்ன சைஸ் கெடையாது. பொதுவா குதிகால் ஒடுங்கி இருக்கும், முன்பக்கம் அதுக்கு ஏத்த மாதிரி அகலம், பாதத்து வளைவும் வேற. பசங்களுக்கு செஞ்ச அச்சுல சின்னதா போட்டா முன்னாடி புடிக்கும் பின்னாடி விடும், மேல நான் சொன்ன லொட லொட இதனாலதான். ஐரோப்பாவுல பெரிய பெரிய கிளப்புல சம்பளத்துக்கு ஆடற பொண்ணுங்ககிட்ட கேட்டதுல நூத்துக்கு 82 பேர் பூட்ஸ் தொந்தரவு பண்ணுதுன்னு சொன்னதா 2023ல வந்துச்சு, அங்கயே அப்படின்னா குறிஞ்சிப்பாடி கிரவுண்டுல ஆடற புள்ள என்ன பண்ணும். நைக்கி மாதிரி கம்பெனியே பொண்ணுங்கள மனசுல வச்சு ஃபேண்டம் லூனான்னு ஒண்ணு கொண்டு வந்தது 2023 உலகக் கோப்பைக்கு முன்னாடிதான். அது நம்ம பட்ஜெட் இல்ல, இந்தக் கடையிலயும் இல்ல. இங்க இருக்கறது நம்ம நாட்டுக் கம்பெனி சரக்கு, எண்ணூறுலேந்து ஆயிரத்து முந்நூறு வரைக்கும், அதுல குதிகால் ஒடுங்கின மாடலா தேடிப் பாத்து எடுத்து வச்சிருக்காங்க. அதான் இவங்க பண்ற வேலையே.

இன்னொன்னு, நம்ம கிரவுண்டு எல்லாம் கட்டாந்தரை. நீளமான பிளேடு மாதிரி குமிழ் இருக்கற ஸ்டட்ஸ் பாக்க கெத்தா இருக்கும், எங்க புள்ளைங்க முதல்ல கைய நீட்டறதே அதுக்குத்தான், ஆனா காஞ்ச தரையில அது உள்ளயும் எறங்காது, எறங்கினா திரும்பறப்ப விடாது, பாதம் அங்கயே நிக்க முட்டி மட்டும் திரும்பும். முட்டி ஜவ்வு கிழியறது பொண்ணுங்களுக்குத்தான் ஜாஸ்தி, அதனால நான் எப்பவும் குட்டையா உருண்டையா இருக்கற ரப்பர் குமிழ்தான் கேப்பேன். இந்த அக்கா நான் கேக்கறதுக்கு முன்னாடியே எந்த கிரவுண்டுன்னு கேட்டு அதத்தான் எடுத்து வச்சாங்க. டர்ஃப்ல மட்டும் ஆடறவங்களுக்கு வேற, அது குட்டி குட்டியா நெறைய குமிழ் இருக்கும், அதுவும் இருக்கு.

இப்ப அந்த மூவிங் கதைக்கு வர்றேன். இது நூறு வருஷத்துப் பழைய சாக்குங்க. அண்ணன்கிட்ட பில்லு போடறப்ப இதத்தான் பேசிட்டு இருந்தேன், பின்னாடி ஆள் நிக்கறாங்கன்னு கூட பாக்காம கேட்டுட்டு இருந்தார் மனுஷன்.

இங்கிலாந்துல பிரஸ்டன்னு ஒரு ஊர். முதல் உலகப் போர் நேரம், ஆம்பளைங்க சண்டைக்குப் போயிட்டாங்க, டிக் கெர்னு ஒரு ஃபேக்டரியில குண்டு செய்யற வேலைக்குப் பொண்ணுங்க வந்தாங்க, சாப்பாட்டு நேரத்துல பந்த உதைக்க ஆரம்பிச்சு அது டீமாவே ஆயிடுச்சு. 1917 கிறிஸ்துமஸ் அன்னிக்கு டீப்டேல் கிரவுண்டுல மேட்ச் வச்சாங்க, காயம்பட்ட சிப்பாய்ங்களுக்கு நிதி திரட்ட, 10,000 பேர் வந்தாங்க. பாண்டிக்காரங்களுக்காக ஒண்ணு சொல்றேன், 1920ல பிரான்ஸ்லேந்தே ஒரு பொண்ணுங்க டீம் கப்பல் ஏறி வந்து இவங்களோட அதே டீப்டேல்ல ஆடிச்சு, 25,000 பேர் பாத்தாங்க. அதே வருஷம் டிசம்பர் 26, லிவர்பூல் குடிசன் பார்க், செயின்ட் ஹெலன்ஸ் டீமோட மேட்ச், உள்ள 53,000 பேர், எடம் இல்லாம வெளிய நின்னது இன்னும் பல ஆயிரம். இது மூவிங் இல்லையா?

ஒரு வருஷம் கூட முழுசா ஆகல, 1921 டிசம்பர் 5, இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம் கூடி இந்த ஆட்டம் பொம்பளைங்களுக்கு ஒத்து வராது, எந்த கிளப்பும் கிரவுண்டு குடுக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுச்சு. பொண்ணுங்கள ஆடாதன்னு நேரா சொல்லல பாருங்க, கிரவுண்டு குடுக்காதன்னு கிளப்புக்கு சொன்னாங்க, வேலை முடிஞ்சுது. அது 1971 வரைக்கும் நீண்டுச்சு. லில்லி பார்னு ஒருத்தி, பதினாலு வயசுல அந்த டிக் கெர் டீமுக்கு வந்தவ, பந்த அடிச்சா கோலி (கோல் கீப்பர்) கை வலிக்கும்னு சொல்ற அளவுக்கு இடது கால், தடைக்கு அப்புறமும் பூங்கா மைதானம், அந்த மைதானம் இந்த மைதானம்னு ஆடிட்டே இருந்தா, பொழப்புக்கு மனநோய் ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை. இங்கிலாந்து ஃபுட்பால் மியூசியம் புகழ் வரிசையில அவ பேர சேத்தது 2002ல, அவ செத்து எத்தனையோ வருஷம் கழிச்சு.

பிரேசில்ல 1941லேந்து 1979 வரைக்கும் சட்டமே போட்டு நிறுத்தி வச்சாங்க, மேற்கு ஜெர்மனில 1955லேந்து 1970 வரைக்கும். தடை போனா கூட்டம் வருமான்னு பாக்க ரொம்ப நாள் ஆகல. 1971ல மெக்சிகோவுல ஒரு உலகக் கோப்பை நடந்துச்சு, ஃபிஃபா அங்கீகாரம் இல்லாத போட்டி, அஸ்டெகா ஸ்டேடியத்துல ஃபைனலுக்கு ஒரு லட்சத்துக்கு மேல கூட்டம், டென்மார்க் 3-0ன்னு மெக்சிகோவ அடிச்சுச்சு, மூணு கோலும் பதினஞ்சு வயசு பொண்ணு ஒருத்தி போட்டது, சூசன் ஆகஸ்டசன்னு பேரு. என் டீம்ல ஒம்போதாவது படிக்கறவ வயசு. அதப் பாத்துட்டும் ஃபிஃபா தன் பேர்ல முதல் உலகக் கோப்பை நடத்தினது 1991ல, சைனாவுல, அதுலயும் 90 நிமிஷம் இல்ல 80 நிமிஷம்தான் மேட்ச், பொண்ணுங்க தாங்க மாட்டாங்களாம்! ஒலிம்பிக்ஸ்ல வாலிபால் பொண்ணுங்க 1964லயே வந்துட்டாங்க, ஹாக்கி 1980, ஃபுட்பால் 1996 வரைக்கும் காத்திருந்தாங்க. அதான் கடையிலயும் பாருங்க, வாலிபால் முட்டி பேடு பொண்ணுங்க சைஸ்ல எந்தக் கடையிலயும் கிடைக்கும், ஃபுட்பாலுக்கு முன்னங்கால்ல கட்டற ஷின் பேடு கேட்டா முழிப்பாங்க.

நம்ம நாட்டுல 1975ல பொண்ணுங்களுக்குன்னு தனி ஃபுட்பால் சங்கம் ஆரம்பிச்சு, 1980ல கோழிக்கோட்டுல நடந்த ஆசியக் கோப்பையில இந்தியா ஃபைனல் வரைக்கும் போச்சு, 1983ல பாங்காக்ல மறுபடியும் ஃபைனல். சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது வாங்கின வருஷமும் 1983தான், ஃபுட்பால்ல முதல் பொண்ணு. ரெண்டு ஃபைனல் ஆடின நாட்டுல அடுத்து என்ன நடந்துச்சுன்னா சொல்லிக்கற மாதிரி ரொம்ப நாளுக்கு ஒண்ணும் இல்ல. 2025 ஜூலையில தாய்லாந்த அவங்க ஊருக்கே போய் 2-1னு அடிச்சு ஆசியக் கோப்பைக்கு தகுதி வாங்கினாங்க, சங்கீதா பாஸ்போர் ரெண்டு கோல். தகுதிச் சுத்து ஆடி ஜெயிச்சு உள்ள போனது அதான் முதல் தடவை. சரக்கு வைக்காதவன் மூவிங் இல்லன்னு சொல்றதுக்கும் கிரவுண்டு குடுக்காதவன் கூட்டம் வராதுன்னு சொல்றதுக்கும் என்னங்க வித்தியாசம்.

அண்ணன் எல்லாத்தையும் கேட்டுட்டு சொன்னது ஒண்ணுதான், "டீச்சர், நான் பொதுசேவை ஒண்ணும் பண்ணல, முதல்ல ஆறு ஜோடி எடுத்து வச்சேன், ஒரே வாரத்துல போச்சு, அடுத்து ரெண்டு டஜன் எடுத்தேன்." வியாபாரிக்குத் தெரிய வேண்டியது அவ்ளோதான். இப்ப வில்லியனூர், பாகூர், ஏன் விழுப்புரத்துலேந்து கூட ஆள் வராங்களாம்.

இனி அந்த ஒரு ஸ்டார். ஜெர்சி இங்க பிரிண்ட் பண்ண குடுக்காதீங்க, இல்லன்னா பக்கத்துலயே உக்காந்து வாங்குங்க. கட்டிங் எல்லாம் பசங்க கட்டிங், தோள் தொங்குது, கழுத்து எறங்குது, உள்ள இன்னொரு டீசர்ட் போட்டாத்தான் புள்ளைங்க குனிஞ்சு ஆடும். சொன்ன தேதிக்கு வரல, வந்ததுல ஒரு பொண்ணு பேர்ல ழ போட வேண்டிய எடத்துல ல, அத மாத்திக் குடுக்க இன்னும் இழுத்தாங்க, போட்டிக்கு முந்தின நாள்தான் கைக்கு வந்துச்சு. எங்க ஸ்கூல் தையல் டீச்சர் உக்காந்து எல்லாத்தையும் தோள்ல புடிச்சுக் குடுத்தாங்க. 1985ல அமெரிக்கா பொண்ணுங்க டீம் முதன்முதலா இத்தாலிக்கு ஆடப் போனப்பவும் இதே கூத்துதான், குடுத்தது ஆம்பள சைஸ் டிரெஸ், ராத்திரி உக்காந்து வெட்டித் தச்சுப் போட்டுட்டு எறங்கினாங்களாம். பின்னாடி நாலு உலகக் கோப்பை ஜெயிச்ச நாடு அது. நாப்பது வருஷம் ஆச்சு, இன்னும் நாங்க தோள்பட்டை புடிச்சிட்டு இருக்கோம். அண்ணன்கிட்ட சொன்னேன், திருப்பூர்ல லேடீஸ் கட்டிங் விசாரிக்கறேன்னார், பாப்போம்.

கப்பு, ஷீல்டு எல்லாமும் விக்கறாங்க. ஒரு கூத்து சொல்லணும், கப்பு மேல பந்து உதைக்கற தங்கக் கலர் பொம்மை நிக்கும்ல, அது எல்லாமே ஆம்பள. பொம்பள பொம்மை இல்லையாண்ணான்னு கேட்டா ரெண்டு டப்பா கொட்டித் தேடினார், கெடச்சது இறக்கை வச்ச தேவதை ஒண்ணும் கைய தூக்கிட்டு நிக்கற வாலிபால் பொண்ணு ஒண்ணும். அந்த வாலிபால் பொண்ண திருகிக் கழட்டி எங்க கப்புல மாட்டி, கைய தூக்கிட்டு நிக்கறா, கோலின்னு சொல்லிக்கங்க டீச்சர்னார். எனக்கு சிரிப்பு தாங்கல. ஆனா கப்பாச்சும் குடுக்கறாங்களே, நம்ம பக்கத்துல பொண்ணுங்க மேட்ச்னா ப்ரைஸ் எவர்சில்வர் டிபன் பாக்ஸ், குடம், ஹாட் பாக்ஸ். நம்ம ஊர் மட்டும்னு நெனைக்காதீங்க, 1989ல ஐரோப்பியக் கோப்பை ஜெயிச்ச மேற்கு ஜெர்மனி பொண்ணுங்களுக்கு அவங்க சங்கம் குடுத்த பரிசு ஒரு காபி செட்டு. நெஜமா, கப்பும் சாசரும்.

மத்தபடி தெரிஞ்சுக்க வேண்டியது. மதியம் ஒண்ணரைக்கு மேல கடை சாத்திடுவாங்க, பாண்டி வழக்கம், நாலு மணிக்கு மேலதான் திறப்பாங்க, தெரியாம வந்தா பீச்சுல போய் வெயில்ல காய வேண்டியதுதான். பைக் விட எடமே இல்ல, ஞாயித்துக்கெழமை சண்டே மார்க்கெட் கூட்டத்துல அந்தப் பக்கம் தலையே வைக்காதீங்க. ஸ்போர்ட்ஸ் பிரா உள்ள ஷூ பக்கம் தனி அலமாரில இருக்கு, அக்கா இருக்கறப்ப போங்க, அளவு கேட்டு எடுத்துக் குடுப்பாங்க, ஆனா டிரையல் ரூம் கெடையாது, அது பெரிய கொறைதான். ஸ்டட்ஸ் ஒரு வாரத்துக்குள்ள மாத்திக்கலாம், கிரவுண்டுல போட்டு மண்ணு பட்டுட்டா மாத்த மாட்டாங்க, அதனால வீட்டு ஹால்ல போட்டு நடந்து பாத்துட்டு அப்புறம் கிரவுண்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஸ்கூலுக்கு வாங்கறவங்க ஜி.எஸ்.டி. பில்லு முதல்லயே கேட்டு வாங்கிடுங்க, இல்லன்னா துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்துட்டு அப்புறம் எச்.எம். முன்னாடி நாமதான் நிக்கணும். ஜோடிக்கு இவ்ளோன்னு எழுதியிருக்கற வெலையில பத்து ஜோடிக்கு மேல எடுத்தா கொறைக்கறாங்க, பேரம் பேசவே தேவையில்ல.

ஷின் பேடு சின்ன சைஸ் இருக்கு, ஸ்டாக்கிங்ஸ் நல்ல தடிமன், நாலாம் நம்பர் பந்தும் அஞ்சாம் நம்பர் பந்தும் இருக்கு. கோலி கிளவுஸ்தான் பொண்ணுங்க கைக்கு ஆறு, ஏழு சைஸ்ல இன்னும் வரல, எங்க கோலி இன்னும் அவ அண்ணனோட ஒம்போதாம் நம்பர்லதான் புடிச்சிட்டு இருக்கா. ஆர்டர் போட்டிருக்கேன்னு அக்கா சொன்னாங்க, நானும் ரெண்டு ஜோடிக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்திருக்கேன். அது மட்டும் வேணும்னு வர்றவங்க ஃபோன்ல கேட்டுட்டு பஸ் ஏறுங்க.